கம்பிகள் தெரியாத தபாலட்டைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

மிருகக்காட்சிச்சாலைத் தபாலட்டைகள் சேர்க்கிறேன் என்று சொன்னால் எங்கள் திருகோணமலையில் முதலில் வருவது சிரிப்புதான். "பஸ் நிலையத்திலேயே புள்ளிமான் நிற்கிற ஊர் இது. இங்கே இருந்துகொண்டு கூண்டுச் சிங்கத்தின் படத்தைக் காசு கொடுத்து வாங்குகிறீரா?" என்று சிநேகிதர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சிங்கத்தைப் பார்க்க எனக்கும் அட்டை தேவையில்லை, தொலைக்காட்சியில் இதைவிட நன்றாகவே தெரியும். நான் பார்ப்பது சிங்கத்துக்குப் பின்னால் இருக்கிறவற்றை. சுவர், தரை, வேலி, காவலாளின் உடுப்பு, ஓரத்தில் அரைகுறையாகத் தெரிகிற கூட்டம். தபாலட்டை என்பது அந்த இடத்துக்காரர் உலகத்துக்குக் காட்ட விரும்பிய முகம். அதில் எதைக் காட்டினார்கள், எதை மறைத்தார்கள், மறைக்க முயன்றும் எது எட்டிப் பார்க்கிறது என்று தேடுவதுதான் எனக்கு வேலை.

முதலில் வயதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். உலகின் முதல் தபாலட்டை 1869 ஒக்டோபர் 1ஆம் திகதி ஒஸ்திரிய-ஹங்கேரியில் வெளிவந்தது. அதில் படம் கிடையாது. பட அட்டைகள் பரவத் தொடங்கிய காலத்திலும் ஒரு பக்கம் முழுவதும் விலாசத்துக்கு மட்டும்தான். செய்தி எழுத வேண்டுமானால் படத்தின் மேலேயே எழுத வேண்டும். அதனால் பழைய அட்டைகளில் யானையின் தலைக்கு மேலே உள்ள வானத்தில், ஒட்டகத்தின் கால்களுக்கிடையில் எல்லாம் கையெழுத்து ஓடும். பின்பக்கத்தில் நடுவே கோடு போட்டு ஒரு பாதி செய்திக்கு, மறுபாதி விலாசத்துக்கு என்று பிரித்தது பிரித்தானியாவில் 1902இல், ஜேர்மனியில் 1905இல், அமெரிக்காவில் 1907இல். ஆக, கோடில்லாத ஜேர்மன் அட்டை கையில் கிடைத்தால் அது பெரும்பாலும் 1905க்கு முந்தியது. இன்னொரு சோதனை உருப்பெருக்கிக் கண்ணாடி. அதற்குக் கீழே மைப்புள்ளிகள் தெரிந்தால் அச்சுப் படம். புள்ளியே இல்லாமல் வழுவழுவென்று போனால் புகைப்படத் தாளிலேயே எடுத்த உண்மைப் புகைப்பட அட்டை. அது அதிகம் அச்சாகியிருக்காது, விலையும் கொஞ்சம் ஏறும்.

இனி கூண்டுக் கம்பிகளுக்கு வருவோம். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுக் கெமராக்களுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும், நேரமும் வேண்டும். அசைகிற மிருகம் கலங்கிப் போகும். அதனால்தான் பழைய அட்டைகளில் சிங்கம் எப்போதும் படுத்திருக்கிறது, ஒட்டகம் எப்போதும் உட்கார்ந்திருக்கிறது. சும்மா இருக்கிற மிருகம்தான் படத்துக்கு ஏற்ற மிருகம். சில அட்டைகளில் உடம்பு முழுக்கத் துல்லியம், வால் மட்டும் புகை. கம்பியை மறைக்கவும் வழிகள் இருந்தன. கெமராவைக் கம்பிக்கு மிக அருகே வைத்தால் கம்பி மங்கிப் போய்விடும். அப்படியும் போகாவிட்டால் நெகடிவிலேயே தூரிகையால் பூசி அழித்தார்கள். பூசின இடத்தில் புல்லோ பாறையோ வரைந்து விடுவார்கள். சிறுத்தையின் கால் புல்லில் பதியாமல் மிதப்பதைப் பார்த்தால் அங்கே ஒரு கம்பி செத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

பிறகு கம்பியை உண்மையாகவே எடுத்துவிட்ட ஒருவர் வந்தார். ஹம்பேர்க் நகரத்து கார்ல் ஹாகன்பெக். இவருடைய தகப்பன் மீன் வியாபாரி. 1848இல் மீனவர் வலையில் சில கடல்நாய்கள் அகப்பட்டு வந்தன. அவற்றைத் தொட்டியில் விட்டு, பார்க்க வந்தவர்களிடம் காசு வாங்கினார் தகப்பன். மீன் விற்பதை விட மீன் தின்னியைக் காட்டுவதில் இலாபம் அதிகம் என்று கண்டுகொண்ட குடும்பம். மகன் உலகத்திலேயே பெரிய மிருக வியாபாரியானார். 1907இல் ஹம்பேர்க்குக்கு அருகே ஸ்டெலிங்கனில் தன் பூங்காவைத் திறந்தார். அங்கே சிங்கத்துக்கும் சனங்களுக்கும் நடுவே கம்பி இல்லை. சிங்கம் தாண்ட முடியாத அகலத்தில் பள்ளம் வெட்டி, அந்தப் பள்ளம் பார்ப்பவர் கண்ணுக்குப் படாதபடி அமைத்திருந்தார்கள். முன்னால் நீர்ப்பறவைகள், அதற்குப் பின்னால் மேயும் மிருகங்கள், அதற்கும் பின்னால் சிங்கம், எல்லாவற்றுக்கும் மேலே செயற்கைப் பாறை. ஒரே பார்வையில் எல்லாம் ஒன்றாக வாழ்வது போலத் தெரியும். தபாலட்டை போடுவதற்கென்றே கட்டின பூங்கா என்று நான் சொல்வதுண்டு. தூரிகையால் அழிக்க அங்கே எதுவும் இல்லை, மறைக்க வேண்டியதைக் கட்டடமே மறைத்துவிட்டது.

இந்தக் குடும்பத்துக்கும் நமது நாட்டுக்கும் தொடர்பு உண்டு. கார்லுக்குத் தகப்பன் ஒன்று, தாய் வேறான சகோதரர் ஜோன் ஹாகன்பெக் கொழும்பில் வாழ்ந்து மிருக வியாபாரம் செய்தவர். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையின் ஆரம்பம் அவருடைய மிருகச் சேகரிப்புத்தான். அவருடைய கம்பெனி நொடித்துப் போக, 1936இல் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. பாடசாலைச் சுற்றுலாவில் தெஹிவளைக்குப் போய், பின்னேரத்து யானை நடனம் பார்த்து, திரும்பும் வழி முழுக்க பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்த தலைமுறை நேயர்களிலும் இருப்பீர்கள். அந்த யானைகளின் அட்டைகள் இன்னமும் பழைய புத்தகக் கடைகளில் அகப்படும்.

ஆனால் ஹாகன்பெக் பெயரோடு வருகிற வேறொரு வகை அட்டை உண்டு. அதைப் பற்றிச் சொல்லாமல் போவது சரியில்லை. மிருகங்களோடு மனிதர்களையும் அவர் காட்சிக்கு வைத்தார். 1870களில் வடதுருவப் பக்கத்து சாமி என்ற இன மக்களைக் கலைமான்களோடு கொண்டுவந்து நிறுத்தித் தொடங்கியது அது. 1880களில் இலங்கையிலிருந்து சனங்களையும் யானைகளையும் கப்பலேற்றிக்கொண்டு போய் ஐரோப்பிய நகரங்களில் காட்டினார்கள். சிங்களவரும் இருந்தார்கள், தமிழரும் இருந்தார்கள். நடனம், வித்தை, கைத்தொழில் என்று போலிக் கிராமம் ஒன்று அமைத்து, அதற்குள் அவர்கள் சமைப்பதையும் பிள்ளையைக் குளிப்பாட்டுவதையும் சனங்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். பட அட்டைகளின் காலம் வந்தபோது இந்தக் காட்சிகளும் அட்டையில் ஏறின.

அந்த வகை அட்டை முதன்முதலில் கைக்கு வந்தபோது சேலைக் கட்டைப் பார்த்தேன், பிறகு முகங்களைப் பார்த்தேன். நமது ஆட்கள் மாதிரியே இருந்தார்கள், நமது ஆட்களேதான். நான் பார்த்த இந்த வகை அட்டைகளில் யானைக்குச் சில சமயம் பெயர் இருக்கும். மனிதர்களுக்குப் பெயர் இருந்ததில்லை, எந்த நாட்டுக் கூட்டம் என்பது மட்டும்தான். பின்பக்கத்தில் ஒரு பெண் தன் தங்கைக்கு எழுதியிருப்பாள்: வெயில் நன்று, கோப்பி நன்று, ஞாயிற்றுக்கிழமை வருவோம். படத்தில் இருப்பவர்களைப் பற்றி ஒரு சொல் இருக்காது. சேர்ப்பவர்கள் சிலர் இவற்றை வாங்குவதில்லை. நான் வாங்குவேன், ஆனால் தனி அல்பத்தில் வைத்திருக்கிறேன், சிங்கத்துக்கும் கரடிக்கும் நடுவே சொருக மனம் வரவில்லை. இதில் என்னோடு ஒத்துக்கொள்ளாத சேகரிப்பாளர்களும் இருக்கிறார்கள், இருக்கட்டும்.

மீன் காட்சியகங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உலகின் முதல் பொது மீன் காட்சியகம் 1853இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலைக்குள்ளே திறக்கப்பட்டது, நேப்பிள்ஸில் இருப்பது 1874இல். கண்ணாடிக்குப் பின்னால், இருட்டில், ஓயாமல் அசைகிற மீனைப் படம் பிடிப்பது அந்தக் காலத்துக் கெமராவால் ஆகிற காரியமா? ஆகவே பழைய அட்டைகளில் கட்டடத்தின் முகப்பு இருக்கும், உள்ளே நடைகூடம் இருக்கும். மீன் என்று ஒன்று இருந்தால் அது ஓவியர் வரைந்த மீன். சென்னை மெரீனாவில் 1909இல் திறந்த மீன் காட்சியகமும் அட்டைகளில் ஒரு வெள்ளைக் கட்டடமாகத்தான் நிற்கிறது. கடலுக்கு முன்னால் நிற்கிற அந்தக் கட்டடத்துக்குள் என்ன நீந்தியது என்று அட்டை வாய் திறப்பதில்லை.

சென்னை என்றதும் இன்னொன்று. அங்கத்தைய மிருகக்காட்சிச்சாலை 1855இல் அரும்பொருளகத்தோடு சேர்ந்து தொடங்கியது, பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது, 1985இல் வண்டலூருக்குப் போனது. ஊர்ச் சனங்கள் இதை உயிர் காலேஜ் என்றும், அரும்பொருளகத்தைச் செத்த காலேஜ் என்றும் சொல்வார்களாம், மெட்ராஸ்காரருக்கு நாக்கில் குறும்பு. இந்த பீப்பிள்ஸ் பார்க் காலத்து அட்டை கிடைத்தால் விடாதீர்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் நமது துறைமுகத்தின் மேல் குண்டு போட்டதைத் திருகோணமலையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். அந்த நாட்களில் அதே பயம் சென்னையையும் பிடித்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று சிங்கம், புலி போன்ற ஆபத்தான மிருகங்களைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். லண்டனிலும் 1939இல் போர் தொடங்கியவுடன் விஷப் பாம்புகளைக் கொன்றார்கள். போருக்கு முந்திய பீப்பிள்ஸ் பார்க் அட்டையில் ஒரு புலி படுத்திருந்தால், அதற்கு என்ன ஆனது என்று என் மனம் உடனே கணக்குப் போடத் தொடங்கிவிடும்.

எல்லாம் துக்கமும் இல்லை. 1949இல் லண்டனில் பிறந்த புரூமாஸ் என்ற பனிக்கரடிக் குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அதைப் பார்க்க முப்பது இலட்சம் பேர் வரை போனார்கள். பத்திரிகைகள் அதை ஆண் குட்டி என்று எழுதித் தள்ளின, அது பெண். புரூமாஸ் அட்டைகள் ஏராளமாக அச்சானதால் இன்றும் மலிவு. புதிதாகச் சேர்ப்பவருக்கு நல்ல தொடக்கம். எதிர்ப்பக்கத்தில் குவாகாவைப் பாருங்கள், அரைவாசி வரிக்குதிரை மாதிரி இருந்த தென்னாபிரிக்க மிருகம். கடைசிக் குவாகா 1883இல் அம்ஸ்டர்டாம் மிருகக்காட்சிச்சாலையில் செத்தது. பட அட்டை மோகம் அதற்குப் பிறகுதான் வந்தது. உயிரோடு நிற்கிற குவாகாவை எந்தப் படப்பிடிப்பாளரும் அட்டைக்கென்று எடுத்ததில்லை.

நமது ஊர் அட்டைகளையும் நான் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். பிரெட்ரிக் கோட்டைக்குள் ஆலமர நிழலில் மான் கூட்டம், அழகான அட்டை. கோணேசர் கோயிலுக்குப் போகிற எவரும் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். குப்பைமேட்டில் பொலித்தீனை மெல்லுகிற மானையும் பார்த்திருப்பார்கள், அதை மட்டும் யாரும் அட்டையாக அச்சடிப்பதில்லை. புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவானது. அட்டையில் கருநுனிச் சுறா கண்ணாடி மாதிரித் தண்ணீரில் போகும், மிதிபட்டு உடைந்த பவளப்பாறை படச் சட்டகத்துக்கு வெளியே இருக்கும். திமிங்கில அட்டைகளும் அப்படித்தான். 1980களின் தொடக்கத்திலேயே துலிப் என்ற சிறு பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் நமது கடலில் திமிங்கிலங்களைப் படித்தார்கள். பிறகு போர் எல்லாவற்றையும் மூடிவிட்டது. இப்போது அட்டையில் ஒற்றை வால் எழும்பி நிற்கிறது. அந்த வாலைத் துரத்திக்கொண்டு எத்தனை படகுகள் சுற்றின என்பது படகோட்டிகளுக்குத் தெரியும். கம்பியை அழித்த அந்தப் பழைய தூரிகைக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

சேர்க்க விரும்புகிறவர்களுக்குச் சில காரியங்கள். கடற்காற்றும் மாரிக்கால ஈரமும் இந்த ஊரில் காகிதத்துக்குப் பெரிய எதிரி. மலிவான பீ.வீ.சி. உறைகளை வாங்காதீர்கள், நாளடைவில் அவை கசிந்து படத்தோடு ஒட்டிக்கொள்ளும். பொலிபுரப்பலீன் உறை நல்லது. பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, வைகாசி, ஆனியில் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள், வெயிலில் வேண்டாம், நிறம் போய்விடும். லமினேட் பண்ணவே கூடாது. குறிப்பு எழுதுவதானால் பென்சிலால், பின்பக்கத்து மூலையில். முத்திரை சேர்க்கிற நண்பர்களோடு எனக்கு ஒரு பழைய சண்டை உண்டு. அட்டையிலிருந்து முத்திரையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றுகிறார்கள். திகதியும் ஊரும் அந்த முத்திரைக் குத்தில்தான் இருக்கின்றன, அது போனால் பாதி அட்டை போனது மாதிரி. சமாதானமாகப் போக இரண்டு கூட்டத்துக்கும் மக்சிமம் கார்ட் என்று ஒன்று இருக்கிறது. படத்தில் உள்ள மிருகமே முத்திரையிலும் இருக்க வேண்டும், முத்திரையைப் படப் பக்கத்திலேயே ஒட்டி, அதற்குப் பொருத்தமான ஊரின் தபால் கந்தோரில் குத்து வாங்க வேண்டும்.

லண்டனிலோ கனடாவிலோ ஜேர்மனியிலோ பிள்ளைகள் இருக்கிற வீடுகள் இங்கே ஏராளம். அவர்கள் லீவில் மிருகக்காட்சிச்சாலைக்குப் போய்விட்டு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்கள். வாசல் கடையில் அட்டை இன்னும் விற்கிறார்கள் என்றால் ஒன்றை வாங்கி, எழுதி, முத்திரை ஒட்டித் தபாலில் போடச் சொல்லுங்கள். மிருகம் எதுவானாலும் பரவாயில்லை. பேரப்பிள்ளையின் கையெழுத்தில் விலாசம் இருந்தால் இன்னும் நல்லது. வேண்டாம் என்று தோன்றினால் எறிய வேண்டாம், எனக்குத் தாருங்கள்.

வாய்ப்புத் தந்த வானொலிக்கு நன்றி. வணக்கம்.