கணக்கில் வராத வேலை

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் 22 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அங்கே வெள்ளையரல்லாத பெண் பேராசிரியர்கள் படும் பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஓர் ஆண். பெயர் டெரிக் பெல்.

ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் நிரந்தரப் பணி பெற்ற முதல் கறுப்பினப் பேராசிரியர் அவர். அது 1971இல். அதற்கப்புறம் 1990 வரை ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக்கூட அங்கே அந்த நிரந்தரப் பணி கிடைக்கவில்லை. மாணவர்கள் கேட்டுப் பார்த்தார்கள், போராடினார்கள். பெல் என்ன செய்தார் தெரியுமா? அப்படி ஒரு பெண்ணை நியமிக்கும்வரை வரமாட்டேன் என்று விடுப்பில் போய்விட்டார். சம்பளமில்லாத விடுப்பு! அவர் வேலைக்கு எந்த ஆபத்தும் இல்லை, பேசாமல் இருந்திருக்கலாம். இரண்டு ஆண்டுக்கு மேல் விடுப்பு கிடையாது என்பது விதி. 1992இல் அவருடைய இடம் பறிபோனது. லானி குவினியர் என்ற கறுப்பினப் பெண் அங்கே நிரந்தரப் பேராசிரியரானது 1998இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், பெல் விடுப்பில் போய் எட்டு ஆண்டுகள் கழித்து!

சரி, உள்ளே வந்துவிட்டால் போதுமா? எங்கள் துறையில் வெள்ளையரல்லாத பெண் நான் ஒருத்திதான். எந்தக் குழு அமைத்தாலும் என் பெயர் இருக்கும். பெண்ணும் வேண்டும், வேற்று இனத்தவரும் வேண்டும், இரண்டுக்கும் நான். ஊரைவிட்டு வந்து தவிக்கிற மாணவிகள் என் அறைக் கதவைத்தான் தட்டுவார்கள். உட்காரவைத்துப் பேசாமல் எப்படி அனுப்புவது? ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் போய்விடும். இதற்கு அமாடோ பாடில்லா என்ற அறிஞர் 1994இல் ‘பண்பாட்டு வரி’ என்று பெயர் வைத்தார். வரி என்றால் வரியேதான், மற்றவர்கள் கட்டாத வரி.

நம் கூட்டுக் குடும்பங்களில் மூத்த மருமகளைப் பார்த்திருப்பீர்கள். கல்யாணமா, சீமந்தமா, துக்கமா, எல்லாவற்றுக்கும் ஓடுகிறவள் அவள். பாகம் பிரிக்கும் நாளில் அவள் உழைப்பை யாரும் பேசமாட்டார்கள். அங்கேயும் அப்படித்தான். ஆறாவது ஆண்டு வாக்கில் நிரந்தரப் பணிக்கான கோப்பை எடுப்பார்கள். எத்தனை புத்தகம், எத்தனை கட்டுரை என்று பார்ப்பார்கள். என் அறையில் அழுது தேறிப் பட்டம் வாங்கிய பெண்கள் அந்தக் கோப்பில் இல்லை. நிரந்தரம் மறுக்கப்பட்டால் பெரும்பாலும் வேலையை விட்டே போகவேண்டும். எனக்குக் கிடைத்தது. என்னைவிட நன்றாகப் பாடம் நடத்திய ஒரு தோழிக்குக் கிடைக்கவில்லை. அவளுடைய காலி அறையை இன்னும் என்னால் மறக்கமுடியவில்லை.

‘உங்களுக்கு மனவலிமை வேண்டும்’ என்பார்கள். வலிமை இருக்கிறது ஐயா, அதைக் கணக்கில் எழுதத்தான் ஆளில்லை! எழுதவேண்டியது நிறுவனம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழு வேலைக்கு ஈடாக ஒரு வகுப்பைக் குறைக்கலாம். மாணவர்களுக்குத் தரும் நேரத்தைக் கோப்பில் ஏற்றலாம். பிள்ளை பெற்றால் அந்த ஆறாண்டுக் கெடுவை ஓராண்டு தள்ளிவைக்கலாம், சில பல்கலைக்கழகங்கள் இதைச் செய்கின்றன. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2001இல் தொடங்கிய ‘அட்வான்ஸ்’ திட்டமும் தனி ஆளைத் திருத்தப் பார்க்காமல் நிறுவனத்தின் நடைமுறையை மாற்றத்தான் பணம் கொடுத்தது. அதை விரிவாகச் சொல்லத்தான் குறிப்பு எழுதி வந்தேன். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.