ஓஇடி ஸ்பீக்கிங்: வார்டுல பேசுறத அங்கயும் பேசுங்க

எல்லாருக்கும் வணக்கம். ஓஇடி, அதாவது வெளிநாட்டுல வேலை பாக்கப் போற நர்ஸ், டாக்டர் மாதிரி ஆளுங்களுக்கான இங்கிலீஷ் பரீட்சை, அத எழுதப் போற நர்ஸ் தங்கச்சிங்க தம்பிங்ககிட்ட நான் பேசணும்னு கேட்டிருந்தாங்க, டூட்டி முடிஞ்சு பஸ்ல போறப்ப கேக்குறவங்களும் இருப்பீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடுறேன்.

யூகேல நர்ஸா ரெஜிஸ்டர் பண்றதுக்கு என்எம்சி, அதாவது அங்க நர்ஸுங்கள பதிவு பண்ற கவுன்சில், கேக்குறது ஸ்பீக்கிங்ல பி கிரேடு, அதாவது 500க்கு 350. லிஸனிங், ரீடிங்குக்கும் அதே 350, ரைட்டிங்குக்கு மட்டும் சி பிளஸ், 300 இருந்தா போதும். நம்ம பிள்ளைங்க ரீடிங், லிஸனிங்க எப்படியாச்சும் பழகி பழகி ஏத்திடுறாங்க, ஸ்பீக்கிங்னு வந்தா மட்டும் கை நடுங்குது, ஏன்னா எதிர்ல ஒரு ஆள் இருக்காங்க, நம்மள எடை போடுறாங்கங்கிற நெனப்பு.

முதல்ல அந்த நெனப்ப எடுத்துடுங்க. எதிர்ல உக்காந்து பேஷன்ட்டாவோ பேஷன்ட்டோட அம்மாவாவோ நடிக்கிறவங்க உங்களுக்கு மார்க் போடுறதில்ல. பேசுறது ரெக்கார்ட் ஆகும், மார்க் போடுற அசெஸர்ஸ் அத தனியா கேட்டுதான் போடுறாங்க. மொத்தமே ஒரு 20 நிமிஷம்தான். ஆரம்பத்துல உங்க வேலைய பத்தி கொஞ்சம் பேச விடுவாங்க, அதுக்கு மார்க்கே கிடையாது, பதட்டம் குறையத்தான் அது. அப்புறம் ரெண்டு ரோல்ப்ளே, அதாவது நீங்க நர்ஸாவும் அவங்க பேஷன்ட்டாவும் நடிச்சு பேசுறது, ஒவ்வொண்ணுக்கும் சூழ்நிலை எழுதியிருக்கிற கார்ட படிக்க 3 நிமிஷம், பேச சுமாரா 5 நிமிஷம். கார்டுல பென்சிலாலயோ பேனாவாலயோ குறிச்சு வச்சுக்கலாம்.

இப்ப முக்கியமானது. மார்க் இங்கிலீஷுக்கு மட்டும் இல்லங்க. உச்சரிப்பு புரியுதா, தடங்கலில்லாம வருதா, ஆளுக்கு ஏத்த மாதிரி பேசுறீங்களா, கிராமர் எப்படி, இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பேஷன்ட்ட எப்படி நடத்துறீங்கன்னு பாக்குறாங்க, அவங்க மனசுல என்ன இருக்குன்னு கேட்டு தெரிஞ்சுக்கிறீங்களா, சொல்ல வேண்டியத ஒரே மூச்சுல கொட்டாம பிரிச்சு பிரிச்சு சொல்றீங்களா, புரிஞ்சுதான்னு கேக்குறீங்களா. மருத்துவ அறிவ சோதிக்கிற பரீட்சை இல்ல இது.

ஒரு கார்ட எடுத்துக்குவோம். சுகர் பேஷன்ட் ஒருத்தங்க, மாத்திரை பத்தல, டாக்டர் இன்சுலின் எழுதிட்டாரு, அவங்க வேண்டாம்னு அடம் பிடிக்கிறாங்க. மனப்பாடம் பண்ணிட்டு வர்ற பிள்ளை என்ன பண்ணும், ‘ஐ அண்டர்ஸ்டாண்ட் யுவர் கன்சர்ன், டோன்ட் வொரி, இன்சுலின் ஈஸ் வெரி சேஃப்’னு ஆரம்பிச்சு ஊசி எங்க போடணும் எப்ப போடணும்னு கடகடன்னு சொல்லி முடிச்சிடும். கன்சர்ன் என்னன்னே கேக்கல, அப்புறம் என்னத்த அண்டர்ஸ்டாண்ட் பண்ணுச்சு? இதே பிள்ளை நம்மூரு வார்டுல இருந்தா கட்டில் ஓரமா நின்னு, ‘ஏம்மா, ஊசின்னா பயமா, இல்ல யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?’ன்னு கேக்கும். அந்தம்மாவும் சொல்லுவாங்க, பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்சுலின் போட ஆரம்பிச்சப்புறம்தான் கால எடுத்தாங்கன்னு. உண்மையான பயம் அங்க இருக்கு. கால் போனது ரொம்ப நாள் கட்டுப்படாத சுகரால, ஊசியால இல்லன்னு அப்பதான் எடுத்து சொல்ல முடியும், சொன்னா ஏத்துக்கவும் செய்வாங்க.

நீங்க வருஷக்கணக்கா தமிழ்ல பண்ணிட்டு இருக்கிற வேலைதான் இது. இங்கிலீஷ்ல அதுக்கு கொஞ்சம் வாக்கியம் கையில இருந்தா போதும். ‘வாட் வொரீஸ் யூ மோஸ்ட் அபௌட் திஸ்?’, ‘வாட் டூ யூ ஆல்ரெடி நோ அபௌட் இன்சுலின்?’, ‘ஷால் ஐ கோ ஓவர் தட் அகைன்?’ இந்த மாதிரி. கேட்டுட்டு வாய மூடிட்டு இருங்க, பதில் முழுசா வரட்டும், அதுல இருந்துதான் உங்க அடுத்த வார்த்தை வரணும்.

இன்னொண்ணு, படிச்ச மருத்துவ வார்த்தைய பேஷன்ட்கிட்ட அப்படியே விடாதீங்க. ஹைபர்டென்ஷன் வேண்டாம், ஹை பிளட் பிரஷர்னு சொல்லுங்க. நில் பை மவுத் அவங்களுக்கு புரியாது, சாப்பிடவும் கூடாது தண்ணி குடிக்கவும் கூடாதுன்னு சாதாரண இங்கிலீஷ்ல சொல்லுங்க. ‘யூ மஸ்ட், யூ மஸ்ட்’னு அதட்டாதீங்க.

உச்சரிப்புக்காக வெள்ளக்காரங்க மாதிரி நாக்க சுருட்டி பேச வேண்டிய அவசியமே கிடையாது, நம்ம தமிழ் வாடை இருந்தா தப்பே இல்ல. ஆனா கேக்குறவங்களுக்கு தெளிவா விழணும். குறிப்பா நம்பர். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் உங்க வாய்ல ஒண்ணு போல வந்தா அங்க போய் வேலை பாக்குறப்ப மருந்து அளவே மாறிடும், அதனால ஃபிஃப்டீன்ல அந்த கடைசி டீன்ன நீட்டி அழுத்தி சொல்லி பழகுங்க. ஃபீவர பீவர்னு சொல்ற பழக்கமும் போகணும்.

வேகமா பேசுறதுதான் ஃப்ளுவென்ஸின்னு நெனச்சு ஓடாதீங்க, கார்டுல இருக்கிற எல்லாத்தையும் அவசரமா அடிச்சு முடிக்கிறதுக்கு தனி மார்க் ஒண்ணும் இல்ல.

பழகுறதுக்கு கோச்சிங் சென்டருக்கு பணம் கட்ட முடியலன்னு வருத்தப்படுற பிள்ளைங்க இருக்கீங்க, எனக்கு தெரியும். ஓஇடி வெப்சைட்லயே சாம்பிள் கார்டு ஃப்ரீயா இருக்கு. ஹாஸ்டல்ல கூட இருக்கிற ஒருத்தர பேஷன்ட்டா உக்கார வைங்க, அவங்க கார்ட நீங்க பாக்காதீங்க, நல்லா கோவப்பட சொல்லுங்க, அழ சொல்லுங்க, ஒத்துக்காம முரண்டு பிடிக்க சொல்லுங்க. ஃபோன்ல ரெக்கார்ட் போட்டு 5 நிமிஷம் ஆனதும் நிறுத்திடுங்க. அப்புறம் கேட்டு பாருங்க, அதுல பேஷன்ட் எவ்வளவு நேரம் பேசுனாங்கன்னு. ரெண்டு மூணு வார்த்தைதான் பேசியிருந்தாங்கன்னா அதே கார்ட மறுபடி எடுங்க, இந்த வாட்டி கேள்வியில இருந்து ஆரம்பிங்க.