எக்ஸி ஃபைல் மட்டும் ஏன் ஊதிக்கிட்டே போகுது? ஜெருசலேம் வைரஸ், உள்ள என்ன நடக்குது

வணக்கம் மக்களே! இன்னைக்கு டாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி பிசியை ஓட்டுன சிஸ்டம்) காலத்து ஜெருசலேம் வைரஸ். 1987 கடைசியில ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்துல சிக்குச்சு, அதான் இந்தப் பேரு. "வெள்ளிக்கிழமை 13" வைரஸ்னா இன்னும் நிறைய பேருக்குத் தெரியும். அழிக்கிற கதைய எல்லாரும் சொல்லிட்டாங்க. அது புரோகிராம் ஃபைல்கள்ல ஒட்டுற விதத்தைப் பார்ப்போம், ஏன்னா அங்கதான் அது மாட்டிக்கிச்சு.

டாஸ்ல ஒரு புரோகிராம் ஓடணும்னா இன்டரப்ட் 21, ஃபங்ஷன் 4பி, அதாவது "இதை ஓட்டு"ன்னு டாஸ்கிட்ட கேக்குற வழியாத்தான் போகணும். ஒட்டுன ஃபைலை ஒரு தடவை ஓட்டுனா போதும், வைரஸ் மெமரில உட்கார்ந்து அந்த வழிய மறிச்சுக்கும். அதுக்கப்புறம் நீங்க ஓட்டுற ஒவ்வொரு புரோகிராமும், ஓடுறதுக்கு முன்னாடி ஒட்டு வாங்கிட்டுத்தான் ஓடும். டிர், காப்பி மாதிரி கமாண்டெல்லாம் கமாண்ட்.காம் (நீங்க டைப் பண்ற கமாண்டை வாங்கி நடத்துற டாஸ் புரோகிராம்) உள்ளயே இருக்கிறதால அதுல ஆபத்து இல்ல. கமாண்ட்.காம் ஃபைலை வேணும்னே விட்டுடும். அது அளவு மாறினா சீக்கிரம் கண்ணுல படும், அதனாலதான்னு நினைக்கிறேன்.

எழுதுனவன் சில இடத்துல ரொம்ப கவனமா இருந்திருக்கான். ரீட் ஒன்லி போட்டிருந்தாலும் அதை எடுத்துட்டு எழுதிட்டு, திரும்பப் போட்டுடும். ஃபைலோட தேதி, நேரத்தையும் பழையபடியே வச்சிடும். ஃபிளாப்பி ரைட் புரொடக்ட்ல இருந்தா "அபார்ட், ரீட்ரை"ன்னு வர வேண்டிய செய்தி வரக்கூடாதுன்னு டிஸ்க் பிழையைக் கவனிக்கிற இன்டரப்ட் 24ஐயும் தன் கையில எடுத்துக்கும். தேதி மாறாததால, தேதி வாரியா அடுக்கித் தேடினா ஒண்ணும் கிடைக்காது. அளவைத்தான் பார்க்கணும்.

டாஸ் புரோகிராம் ஃபைல்ல காம், எக்ஸின்னு ரெண்டு வகை. முதல்ல காம், ஸ்கிரீனைப் பாருங்க. 5,000 பைட் காம் ஃபைல், ஒட்டுனதும் 6,813. வைரஸ் 1,808 பைட் முன்னாடி, நடுவுல உங்க புரோகிராம், கடைசியில 5 பைட் அடையாளம்: MsDosனு அஞ்சு ஆங்கில எழுத்து. அடுத்த தடவை அந்த அஞ்சு எழுத்து இருந்தா தொடாம விட்டுடும்.

முன்னாடி ஒட்டுறதுல ஒரு சிக்கல் இருக்கு. காம் ஃபைல் மெமரில 100 ஹெக்ஸ்ங்கிற முகவரில ஆரம்பிச்சாத்தான் ஓடும், இப்போ அந்த இடத்துல வைரஸ் உட்கார்ந்திருக்கு. புரோகிராமைக் கீழ இறக்கணும், ஆனா இறக்குற கோட் நிக்கிற இடத்து மேலயே அது வந்து விழும். அதனால ஏற்கனவே மெமரில இருக்கிற வைரஸ் பிரதிகிட்ட, வைரஸ் தனக்குன்னு வச்சுக்கிட்ட டிடி ஃபங்ஷன் வழியா அந்த வேலைய ஒப்படைச்சிடும். நல்ல தந்திரம்தான், சொல்லியாகணும்.

சரி, எக்ஸி. இங்கதான் கோட்டை விட்டான். பின்னாடி ஒட்டி, ஹெட்டர்ல (ஃபைல் தொடக்கத்துல இருக்கிற விவரப் பகுதி) ஆரம்ப முகவரிய மாத்தும். ஆனா ஏற்கனவே ஒட்டியாச்சான்னு சரியா பார்க்கல! ஓட்டுற ஒவ்வொரு தடவையும் இன்னொரு 1,808. முதல் தடவை மட்டும் 16ஓட மடங்குக்குக் கொண்டுவர 15 பைட் வரைக்கும் கூடலாம். 1,808ஏ 16ஓட மடங்குங்கிறதால அப்புறம் கச்சிதமா அதே அளவு ஏறும். 20,000 பைட் ஃபைல் 21,808, அப்புறம் 23,616. தினம் பத்து தடவை ஓட்டுற எடிட்டர்னா நாளுக்கு 18,080 பைட். கொஞ்ச நாள்ல டிஸ்க் நிறையும், இல்லைன்னா மெமரில இடம் பத்தாம நின்னுடும். யாராவது கவனிக்காம இருப்பாங்களா?

வெள்ளிக்கிழமை சமாச்சாரம்: 1987ஐ மட்டும் தவிர்த்துட்டு, வேற எந்த வருஷமானாலும் 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை வந்தா, ஓட்டப் போற ஃபைலை ஓட்டாம அழிச்சிடும். அப்படி முதல்ல வந்த நாள் 1988 மே 13. மத்த நாள்ல, அரை மணி நேரம் கழிச்சு திரையில ஒரு சின்ன செவ்வகம் ரெண்டு வரி மேல ஏறி கறுப்பா தெரியும், மெஷின் இழுத்துக்கிட்டு ஓடும். டைமர் ஒரு வினாடிக்கு 18.2 தடவை அடிக்கும்ல, ஒவ்வொரு அடியிலயும் வெட்டியா ஒரு லூப் சுத்த வைக்கும்.

நோவெல் நெட்வேர்ங்கிற நெட்வொர்க் சிஸ்டம் வச்சிருந்த ஆபீஸ்கள்ல வேற தலைவலி. "நான் ஏற்கனவே இருக்கேனா"ன்னு வைரஸ் கேக்கிறதுக்கு எடுத்துக்கிட்ட ஈ0 ஃபங்ஷன், நெட்வேர்ல பிரிண்ட் ஸ்பூலிங்குக்கு (பிரிண்ட் வேலைகளை வரிசையில வைக்கிறது) உள்ளது. ரெண்டும் மோதிக்கும்.

சுத்தம் பண்றது எப்படி? மெஷினை அணைச்சிட்டு, ரைட் புரொடக்ட் போட்ட சுத்தமான டாஸ் ஃபிளாப்பியில பூட் பண்ணுங்க. ஹார்ட் டிஸ்க்ல இருக்கிற எதையும் ஓட்டாதீங்க. வைரஸ் மெமரில இருக்கும்போது செக்டிஸ்க் ஓட்டினா, சோதிக்கப் போன செக்டிஸ்க்கே ஒட்டு வாங்கிடும். காம் ஃபைல்னா முன்னாடி 1,808, பின்னாடி 5 பைட் வெட்டினா பழையபடி வந்துடும். எக்ஸியை நம்பாதீங்க. புரோகிராம் எங்க முடியுதுன்னு வைரஸ் ஹெட்டரை வச்சுத்தான் கணக்குப் போடும். அதுக்குப் பின்னாடி ஓவர்லே (தேவைப்படும்போது மட்டும் மெமரிக்கு வர்ற புரோகிராம் பகுதி) வச்சிருக்கிற ஃபைல்னா அது மேலயே எழுதிடும், எந்த கிளீனராலயும் அதை மீட்க முடியாது. அழிச்சிட்டு ஒரிஜினல் டிஸ்க்ல இருந்து காப்பி பண்ணுங்க.