அந்த நோட்டை யாரும் திறக்க வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் பள்ளிக்கூட ஆண்டுவிழாவோ கோவில் கொடையோ சபை விழாவோ, எதற்குப் போனாலும் ஒரு பெண்பிள்ளை மேடையேறிப் பேசுவதைக் கேட்கலாம். பெண் விடுதலை என்று தலைப்புக் கொடுத்தால் பாரதியில் தொடங்கி மூச்சு விடாமல் ஐந்து நிமிடம் பேசுவாள். கைதட்டு கிடைக்கும், பரிசும் கிடைக்கும். அந்தப் பேச்சைப் பெரும்பாலும் அப்பாவோ தமிழ் ஆசிரியரோ எழுதிக் கொடுத்திருப்பார். அதே பிள்ளை பிளஸ் டூ முடித்ததும், "எனக்கு நர்சிங் வேண்டாம், வரலாறு படிக்கணும்" என்று வீட்டில் சொல்ல வாய் வராமல் அடுக்களையில் நின்று அழுகிறாள். இதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். மேடைப்பேச்சு நல்லதுதான், கூச்சம் போகும். மனதில் கிடப்பதைத் தன் வாயால் சொல்வதற்கு வேறு பயிற்சி வேண்டும், கூட ஒரு ஆளும் வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே முதலிடம். நாகர்கோவில் டதி பெண்கள் பள்ளி 1819-இல் தொடங்கியது. மேலாடை அணியும் உரிமைக்காக நம் பாட்டிமார் பல பத்தாண்டுகள் அடிபட்டு, அவமானப்பட்டு, 1859-இல் திருவிதாங்கூர் அரசின் ஆணையைப் பெற்றார்கள். இவ்வளவும் இருக்க நம் பிள்ளைகளுக்கு என்ன குறை என்று இருந்துவிடுகிறோம். படிக்க வைக்கிறோம், சரி. நீ என்ன நினைக்கிறாய் என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

கருங்கல் பக்கம் ஒரு சின்ன நூலகத்தில் சனிக்கிழமை மாலை பிள்ளைகளைக் கூட்டுகிறோம். எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை வருவார்கள். ஒவ்வொருத்திக்கும் மனதில் பட்டதை எழுத ஒரு நோட்டும், கூட ஒரு அக்காவும் உண்டு. கல்லூரியில் படிப்பவள், அல்லது இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவள், அதே ஊர்க்காரி. அதே ஊராக இருப்பது முக்கியம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். பெரிய அதிகாரி வந்து பேசினால் பிள்ளைகளுக்கு உற்சாகம் வரும், இரண்டு நாள் இருக்கும். எந்த பஸ்ஸில் நெரிசல், எந்த முக்கில் பையன்கள் நிற்பார்கள், பெரியம்மை மகளுக்குக் கல்யாணம் பேசினால் அடுத்த பேச்சு யாரைப் பற்றி வரும், இதெல்லாம் ஊர் அக்காவுக்குத்தான் தெரியும். முதல் மாதம் அந்த அக்காவுக்கு ஒரே வேலை, கேட்பது. அறிவுரை கூடவே கூடாது. படித்த பெண்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தால்தான் தெரியும்.

ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. அவள் அம்மாவுக்கு அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையில் வேலை. அம்மாவைப் பற்றி எழுதச் சொன்னதும், அன்னையே தெய்வம் என்று ஆரம்பித்து ஒரு பக்கம் நிரப்பினாள். பிழையே இல்லை, அவளும் அதில் இல்லை. அக்கா கேட்டாள்: "மக்களே, உங்கம்மா வேலை விட்டு வந்ததும் முதல்ல என்ன செய்வாங்க?" பிள்ளை கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதியது இது: "அம்மை அண்டி ஆபீசிலேந்து வந்ததும் தேங்காய் எண்ணெய் எடுத்துக் கையில தேய்ப்பா. அண்டி எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துப்போச்சு. தலை பின்னிவிடச் சொன்னா, உனக்கு எரியும், நீயே பின்னுன்னு சொல்லுவா."

அடுத்த வாரம் அவளே ஒரு கேள்வியோடு வந்தாள். ஆபீசில் கையுறை கொடுக்க மாட்டார்களா? அக்கா பதில் சொல்லவில்லை, உங்கம்மாவிடமே கேள் என்றாள். கேட்டிருக்கிறாள். கையுறை போட்டால் வேகம் குறையும், உடைக்கிற பருப்பின் எடைக்குத்தான் கூலி என்று அம்மா சொன்னாராம். அம்மாவின் வேலையைப் பற்றி அன்றைக்குத்தான் முதன்முதலாக வீட்டில் பேசினோம் என்று பிள்ளை சொன்னாள். கூலிக்கணக்கும் பாடம்தான், அதை அவள் தானாகக் கேட்டு வாங்கினாள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கடற்கரைப் பிள்ளை முட்டத்துப் பேச்சில் எழுதட்டும், குலசேகரத்துப் பிள்ளை மலையாளம் கலந்து எழுதட்டும். சிவப்பு மையை அப்புறம் எடுக்கலாம். எழுத வராதவள் படம் வரையலாம், பாடலாம், போனில் குரலைப் பதியலாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் அப்பாவைக் கடலில் தொலைத்த குழந்தைகள் இன்று பதின்வயதில் நிற்கிறார்கள். அவர்களிடம் கடலைப் பற்றி எழுது என்று கேட்காதீர்கள். அவர்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வரட்டும்.

அக்காமார் ஒன்றை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நீ சொல்வதை ஊரில் பரப்ப மாட்டேன், ஆனால் யாராவது உன்னைத் துன்புறுத்தினால் அதை மறைக்க மாட்டேன், உன் கூடவே நிற்பேன். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுத வைக்கிறோம்.

தாய்மாருக்கு ஒரு பயம் உண்டு, வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லிவிடுவாளோ என்று. நியாயமான பயம். அதனால் அக்கா உங்கள் வீட்டுக்கு வருவாள், திண்ணையில் உட்கார்ந்து கட்டன் சாயா குடிப்பாள், நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வாள். அந்த நோட்டை மட்டும் திறக்காதீர்கள். ஒரு தடவை திறந்துவிட்டால், மறுநாளிலிருந்து உங்களுக்குப் பிடித்ததை மட்டும்தான் எழுதுவாள்.

நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-இல் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. நம் ஊர்க் குரல்களைக் கேட்கத் தொடங்கியது அப்போது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் கல்லூரிப் பெண்களே, உங்கள் தெருவிலும் ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை இருப்பாள். அவள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, வாரம் ஒரு மணி நேரம் அவளோடு உட்காருங்கள். முதல் நாளே என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டுவிடாதீர்கள், அதை எல்லோரும் கேட்டாயிற்று. இன்றைக்கு பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள். அவள் பேச ஆரம்பித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

வணக்கம்.