ஸ்ட்ரட் சுலபமாக வந்தது, லிங்க் நட்டுதான் உயிரை வாங்கியது!

வணக்கம் மக்களே. கை இரண்டும் கன்னங்கரேலென்று இருக்கிறது, மன்னிக்கவும். கழுவிவிட்டு வந்தால் சூடு ஆறிவிடும். இன்றைக்குச் சூட்டோடு பேசியே ஆக வேண்டும்.

போன வீடியோவில் புலம்பினேனே, பிரேக் மிதித்தால் வண்டி மூக்கால் தரையை உழுகிறது என்று? முன் டயரையும் காட்டினேன். உள்ளங்கையால் தடவினால் மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தேய்ந்திருந்தது. சக்கரம் ரோட்டில் ஒட்டி ஓடாமல் குதித்துக் குதித்து ஓடினால்தான் இப்படித் தேயும். இடது ஸ்ட்ரட்டில், அதாவது சக்கரத்தின் குலுக்கலை அடக்கும் அந்த ஆயில் குழாயில் (பட்டறைக்காரர்கள் ஷாக் என்பார்கள்), ஆயில் வழிந்து, அதன்மேல் புழுதி படிந்து, கறுப்பாக ஒரு பட்டை.

இதை ஒரு பட்டறையில் காட்டினேன். அங்கிருந்தவர் போனட் ஓரத்தில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். வண்டி எழுந்து நின்றது. "தம்பி, ஷாக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வேணும்னா கசியுற பக்கத்தை மட்டும் மாத்திக்கலாம்" என்றார். எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே!

முதலில் அந்த அழுத்திப் பார்க்கிற சோதனை. கையால் அழுத்தும்போது ஸ்ட்ரட்டுக்குள் போய்வரும் பிஸ்டன் ராடு மெதுவாகத்தான் நகரும். ஸ்ட்ரட்டின் வேலையோ வேகமான அசைவை அடக்குவது. உள்ளே ஆயில் சிறிய வால்வுகள் வழியாகப் போகிறது; ராடு எவ்வளவு வேகமாக நகர்கிறதோ அந்த அளவுக்கு எதிர்ப்பும் கூடும். பாதி செத்த ஸ்ட்ரட்கூட கை அழுத்தத்தில் பாஸாகிவிடும். ஒரேயடியாகச் செத்துப்போனதைத்தான் அந்தச் சோதனை பிடிக்கும். அதைக் கண்டுபிடிக்கச் சோதனையே தேவையில்லை, ஓட்டும்போதே தெரிந்துவிடும்.

அடுத்தது, ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது. இரண்டும் ஒரே வண்டியில் ஒரே தூரம் ஓடியவை. ஒன்று புதுசு, மற்றது பழசு என்றால் பள்ளத்தில் இறங்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் இரண்டு பக்கமும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். முன்பக்கம் என்றால் ஜோடியாகத்தான். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

நான் எப்படிப் பார்த்தேன் என்று காட்டுகிறேன். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு, என்னுடைய அந்தப் பாழாய்ப்போன மஞ்சள் டார்ச்சை உள்ளே அடித்தேன். ஆமாம், இன்னும் அதேதான். புது டார்ச் வாங்கவில்லை. ராடு வெளியே வரும் இடத்தில் ஆயிலை அடைத்து வைக்கும் சீலுக்குப் பக்கத்தில் லேசாக ஈரப்பதம் போல் இருந்தால் பதற வேண்டாம். ராடு மேலும் கீழும் போகும்போது சீலை வழவழப்பாக வைக்க மெல்லிய ஆயில் படலம் வெளியே வரத்தான் செய்யும். குழாயின் உடம்பில் கோடு கோடாக ஈரம் இறங்கியிருந்தால் கதை முடிந்தது. சந்தேகமாக இருந்தால் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டுச் சில நாள் ஓட்டி மறுபடி பாருங்கள். பக்கத்திலேயே ஆக்சில் பூட், அதாவது ஆக்சில் ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை, கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தாலும் ஸ்ட்ரட்மேல் பழி விழும். ஆனால் கிரீஸ் கெட்டியாக இருக்கும், சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் வட்டமாக விசிறி அடித்திருக்கும். பிரேக் ஹோஸ் பக்கம் ஈரம் என்றால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

சீல் ஏன் போனது? ராடில் புழுதி படாமல் மூடும் டஸ்ட் பூட் எப்போதோ கிழிந்திருக்கிறது. மண் துகள் ராடில் ஒட்டி, ஒவ்வொரு குலுக்கலிலும் சீலை அரத்தால் ராவுவது போல ராவியிருக்கிறது. போதாக்குறைக்கு இந்த வகை சஸ்பென்ஷனில் மேலே தனி ஆர்ம் கிடையாது. சக்கரத்தை நிமிர்த்திப் பிடிப்பதும் அதே குழாய்தான், அதிர்வை அடக்குவதும் அதேதான், ஸ்டீயரிங் திருப்பினால் கூடவே திரும்புவதும் அதேதான். பக்கவாட்டு விசையெல்லாம் ராடின் தலையில். ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற என்ஜினீயர் 1940-களில் செவர்லேயின் சின்ன கார் திட்டம் ஒன்றுக்காக யோசித்த அமைப்பு இது. அந்தக் கார் விற்பனைக்கே வரவில்லை. மனிதர் ஃபோர்டுக்குப் போனார். 1950-ல் அறிமுகமான ஃபோர்டு கான்சல், ஸெஃபர் கார்களில் இது வந்துவிட்டது. இன்றைக்கு எத்தனையோ சின்ன கார்களின் முன்பக்கத்தில் அதே அமைப்புதான். கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

சரி, இப்போது வில்லன். ஸ்டெபிலைசர் லிங்க் நட்டு! வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சின்னத் தண்டுதான் லிங்க்.

ஸ்ட்ரட்டைக் கழற்ற வேண்டும் என்றால் அதில் மாட்டியிருக்கும் லிங்க்கை முதலில் விடுவிக்க வேண்டும். ஒரே ஒரு நட்டு. முதல் நாள் இரவே துருவெண்ணெய் அடித்து ஊற வைத்தேன். கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்தேன். ஸ்பேனர் போட்டேன். "டக்" என்று விட்டது. எனக்கு ஒரே குஷி. நாலு மரை வெளியே வந்தது, அவ்வளவுதான். அப்புறம் நட்டோடு சேர்ந்து உள்ளே இருக்கும் பந்துத் தண்டும் சுற்ற ஆரம்பித்தது. நான் திருப்ப, அது திரும்ப, விடிய விடியத் திருப்பினாலும் வெளியே வராது.

தண்டின் நுனியில் ஆலன் கீ போட ஒரு குழி உண்டு. அந்தக் குழி முழுக்கத் துரு. ஊசியால் நோண்டினேன், சுத்தியலால் கீயைத் தட்டி இறக்கினேன். பிடித்தது. திருப்பினேன். குழியின் மூலைகள் மழுங்கிப்போயின. சுற்றுச்சுவரில் உட்கார்ந்திருந்த பூனை என்னையே பார்த்தது. அந்தப் பார்வையையும் வீடியோவில் வைத்திருக்கிறேன்.

கட்டர் போட்டு அறுக்கலாம். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். எனக்கு வீம்பு. கண்ணாடியைக் கீழே பிடித்து லிங்க்கின் பின்பக்கம் பார்த்தால், ரப்பர் பூட்டுக்கும் ஸ்ட்ரட்டின் பிராக்கெட்டுக்கும் நடுவே தண்டில் இரண்டு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கிறார்கள்! ஸ்பேனர் போட்டுப் பிடிப்பதற்காகவே வைத்த இடம். ஆனால் சாதாரண ஸ்பேனர் அந்த இடுக்கில் நுழையாது. பழைய 17 மி.மீ. ஸ்பேனர் ஒன்றைக் கிரைண்டரில் தேய்த்து ஒல்லியாக்கினேன். நுழைந்தது! அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் நட்டைத் திருப்ப... வந்துவிட்டது மக்களே! இதோ அந்த நட்டு. கேமரா ஃபோகஸ் பண்ணு... பண்ணு... ஆங், இதுதான். இதற்கு ஃபிரேம் போட்டு மாட்டப்போகிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கியில் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு லிங்க்கை இழுத்துப் பிடிக்கும். முன்பக்கம் இரண்டையும் தூக்கி, இரண்டுக்கும் ஸ்டாண்டு கொடுத்துவிட்டுத்தான் அதில் கை வைத்தேன். ஜாக்கியை நம்பிக் கீழே போகிற ஆள் நான் இல்லை, உங்களுக்கே தெரியும்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் பிராக்கெட்டிலிருந்து எடுத்தேன். நக்கிளில், அதாவது சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டில், இருக்கும் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றும் முன் அவை நிற்கும் இடத்தைச் சுற்றி வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டேன். போல்ட் வந்ததும் நக்கிளை வெளிப்பக்கம் சாய விடாமல் கம்பியால் கட்டினேன். சாய்ந்தால் ஆக்சில் ஜாயின்ட் உள்ளே கழன்றுவிடலாம், ஹோஸும் இழுபடும்.

ஸ்பிரிங் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் இரண்டையும் எதிரெதிராக மாட்டி, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக, கையாலேயே முறுக்கினேன். இம்பாக்ட் கன் எனக்கு எப்போதுமே ஆகாது. இந்த வேலையில் அதைப் பார்த்தாலே பயம். ஸ்பிரிங் அதன் தட்டில் லொடலொடவென்று ஆடும்வரை மேல் நட்டைத் தொடவே கூடாது. அழுத்திய ஸ்பிரிங் விடுபட்டால் ஆளையே காலி செய்துவிடும். கையில் நல்ல கம்ப்ரஸர் இல்லையென்றால், ஸ்பிரிங்கோடு முழுசாக வரும் அசெம்பிளி வாங்கி மாட்டுங்கள், அல்லது இந்த ஒரு கட்டத்தை மட்டும் பட்டறையில் கொடுங்கள்.

ஸ்ட்ரட்டின் தலையை வண்டி உடம்போடு பிணைக்கும் மேல் மவுண்டைக் கையில் எடுத்தால் ரப்பர் வெடித்திருக்கிறது. பேரிங்கைச் சுற்றினால் உள்ளே மணல் போட்டது போல் நறநற என்கிறது. வண்டியை நிறுத்தும்போது ஸ்டீயரிங்கை ஒடித்தால் "டொய்ங்" என்று சத்தம் வருகிறது என்றேனே, அது இதுதான். பேரிங் இறுகிப்போனதால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு, பிறகு திடீரென்று விடுபடுகிற சத்தம். மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், பூட் எல்லாமே புதுசு போட்டேன். இவ்வளவு தூரம் கழற்றிவிட்டு அந்தக் கிழிந்த பூட்டையே திரும்ப மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐயோ, இதையும் விட்டுவிட்டேன். புது ஸ்ட்ரட்டை மாட்டும் முன் நிமிர்த்தி வைத்து, ராடை முழுக்க இழுத்து முழுக்க அழுத்துங்கள். படுக்கப் போட்டிருந்ததால் உள்ளே தப்பான இடத்தில் சேர்ந்த காற்று போய்விடும், அழுத்தம் சீராகும். ராடு சுற்றுகிறது என்று பிளையரால் மட்டும் பிடித்துவிடாதீர்கள். ஒரு கீறல் விழுந்தால் போதும், அது புது சீலைக் கிழிக்க ஆரம்பித்துவிடும்.

ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. வேகத்தடையில் ஏறி இறங்கியதும் ஒரே தடவை அமர்ந்து அப்படியே நிற்கிறது. ஆனால் ஸ்டீயரிங் கொஞ்சம் கோணலாக நிற்கிறது. பெயின்ட் கோட்டிலேயே போல்ட்டை வைத்தாலும் கேம்பர், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம், மயிரிழை மாறும்; கேம்பர் மாறினால் டோவும், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவும், மாறும். நாளைக்கு வீல் அலைன்மென்ட். அலை அலையாய்த் தேய்ந்த டயர் கொஞ்ச நாள் ஊளையிடத்தான் போகிறது. அது ஸ்ட்ரட்டின் குற்றம் இல்லை.

அப்புறம், பழைய ஸ்ட்ரட்டைக் குறுக்கே அறுத்து உள்ளே காட்டச் சொல்லப்போகிறீர்கள், தெரியும். உள்ளே நைட்ரஜன் அழுத்தத்தில் அடைத்திருக்கிறது, கூடவே ஆயிலும். கட்டரை வைத்தால் முகத்தில் அடிக்கும். அதனால் அறுக்க மாட்டேன், கேட்காதீர்கள். லிங்க் நட்டை வேண்டுமானால் இன்னொரு தடவை காட்டுகிறேன்.