அந்த வீட்டு மருமகளே பதில் சொல்லட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரை உள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது என்று செய்தி வந்தபோது, நிறையப் பேர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எங்க வீட்டுக்கு யாரும் வரலையே, எங்க தெருவுக்கே வரலையே, அப்புறம் எப்படி இந்தக் கணக்கு?" நியாயமான கேள்வி. இந்தக் கணக்கைத் தந்த தேசிய குடும்ப நல ஆய்வில் கொஞ்ச காலம் களப்பணி மேற்பார்வையாளராக இருந்ததால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஆசை. அதைவிட, ஆய்வுக்காரர்கள் உங்கள் வீட்டுக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல இன்னும் ஆசை.

இந்த ஆய்வு 1992-93இல் தொடங்கியது. மும்பையில் இருக்கும் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக நடத்துகிறது. நான் இன்று சொல்லப்போகும் எண்களில் பெரும்பாலானவை 2019இலிருந்து 2021 வரை, நடுவில் கொரோனா ஊரடங்கால் நின்று நின்று நடந்த ஐந்தாவது சுற்றில் வந்தவை. அந்தச் சுற்றில் நாடு முழுக்க 6,36,699 வீடுகளில் பேசினார்கள். தமிழ்நாட்டில் சுமார் 28 ஆயிரம் வீடுகள். இந்தியாவில் மொத்தம் எத்தனை வீடுகள் என்று பார்த்தால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே 24 கோடிக்கு மேல். ஆக, ஏறக்குறைய 400 வீட்டுக்கு ஒரு வீடு. உங்கள் வீட்டுக்கு வராததில் ஆச்சரியம் இல்லை.

வீட்டை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? முதலில் கிராமம், நகரமென்றால் ஒரு சிறு பகுதி. அங்கே உள்ள எல்லா வீடுகளையும் நடந்தே போய் வரைபடம் போட்டுப் பட்டியல் எடுப்பார்கள். அந்தப் பட்டியலிலிருந்து 22 வீடுகள், குறிப்பிட்ட இடைவெளி விட்டு எடுக்கப்படும். இதில் பேட்டி எடுக்கிற பெண்ணுக்கோ, எங்களுக்கோ, ஊர்த் தலைவருக்கோ எந்த விருப்பமும் கிடையாது. தேர்வான வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்டு முடித்துவிட முடியாது. திரும்பத் திரும்ப அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இது அநியாயமாகத் தெரியும். "மேடம், எதிர் வீட்டு அக்கா நல்லாப் பேசறாங்க, அங்க எடுத்துக்கலாமே" என்பார்கள். யோசித்துப் பாருங்கள், பகலில் பூட்டிக் கிடக்கும் வீடு யாருடையது? காலை எட்டு மணிக்குத் தூக்குவாளியோடு நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் மில்லுக்கும் கிளம்பிப் போனவர்களுடையது. அவர்களை விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் கேட்டால், உடம்பு நோக உழைக்கிறவர்களின் ரத்தமும் சாப்பாடும் அந்தக் கணக்கிலேயே வராது. அதனால்தான் இருட்டின பிறகும் காத்திருந்து பேட்டி எடுப்பார்கள். உண்மையில் எங்களுக்குக் கஷ்டம் கொடுத்தது நகரத்து அடுக்குமாடிகள். வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தி, செகரட்டரியிடம் கடிதம் வாங்கி வரச் சொல்வார்.

உள்ளே போனதும் என்ன கேட்பார்கள் என்று பலருக்குத் தெரியாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை இருக்கிறதா, எதில் சமைக்கிறீர்கள், டிவி, ஃபிரிட்ஜ், வண்டி இருக்கிறதா. கை கழுவும் இடத்தைக் காட்டச் சொல்லி, அங்கே தண்ணீரும் சோப்பும் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பார்கள். அடுப்படியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு கேட்டு, அதில் ஒரு சொட்டு மருந்து விடுவார்கள். அயோடின் இருந்தால் உப்பு நீல ஊதா நிறமாக மாறும். இதைப் பார்க்க வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிடும். அப்புறம் உயரம், எடை, ரத்த அழுத்தம். ஐந்தாவது சுற்று வரை, விரல் நுனியில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டில் ஹீமோகுளோபினும் பார்த்தார்கள். விரல் நுனி ரத்தத்தைவிட நரம்பிலிருந்து எடுத்தால்தான் அளவு சரியாக வரும் என்று நிபுணர்களுக்குள் வாதம் இருக்கிறது. அது தேவையான வாதம். ஆனால் முடிவை அந்தப் பெண்ணிடம் அங்கேயே சொல்லிவிட்டார்கள். தன் உடம்பில் ரத்தம் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேள்விப்பட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபிரிட்ஜ், வண்டி என்றதும் முகம் மாறிவிடும். ரேஷன் கார்டை மாற்றிவிடுவார்களோ, உரிமைத்தொகை நின்றுவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், மாதம் ஆயிரம் ரூபாய் எத்தனையோ வீட்டில் பெரிய தொகை. ஆனால் இந்த ஆய்வுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வருமானம் எவ்வளவு என்று கேட்பதில்லை. வீட்டில் உள்ள பொருட்களையும் வசதிகளையும் வைத்துத்தான் வசதியான வீடா, ஏழை வீடா என்று கணிக்கிறார்கள். வெளியிடும் தரவில் பெயர் இருக்காது. ஊர் இருக்கும் இடத்தைக்கூட, நகரமென்றால் 2 கிலோமீட்டர் வரை, கிராமமென்றால் 5 கிலோமீட்டர் வரை தள்ளி வைத்துத்தான் தருவார்கள். பெண்ணுக்கு வங்கிக் கணக்கு உண்டா என்று கேட்பார்கள், கணக்கு எண்ணைக் கேட்க மாட்டார்கள். ஓடிபி கேட்கிறவர் யாராக இருந்தாலும் அவர் ஆய்வுக்காரர் இல்லை, கதவைச் சாத்திவிடுங்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பெண்களுக்கான கேள்விகளைப் பெண்தான் கேட்பார், அந்தப் பெண்ணிடம் தனியாகத்தான் கேட்க வேண்டும். நடப்பது என்ன தெரியுமா? மருமகளைக் கூப்பிட்டால் மாமியார் வந்து உட்காருவார். "அவளுக்கு என்னம்மா தெரியும், நான் சொல்றேன் எழுதிக்கோ" என்பார். கணவர் வாசல்படியில் செல்போனைப் பார்த்துக்கொண்டே காதை இங்கே வைத்திருப்பார். கீரை எத்தனை நாளைக்கு ஒருமுறை சாப்பிடுகிறாய், முட்டை, மீன், பழம் தினமுமா வாரம் ஒரு முறையா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டால், "எங்க வீட்ல எதுக்கும் குறை இல்லை" என்று பதில் பின்னாலிருந்து வரும். வீட்டில் முட்டை வாங்குவது வேறு, அது மருமகள் தட்டுக்கு வருவது வேறு. ஒரு வீட்டில் மாமியாரை நான் பின்கட்டுக்குக் கூட்டிப்போய் அவர் வளர்க்கும் ஆடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். அந்த நேரத்தில்தான் மருமகள் வாய் திறந்தார்.

சில வீடுகளில் மட்டும், வீட்டுக்கு ஒரே ஒரு பெண்ணிடம், அடி உதை பற்றிய கேள்விகளும் உண்டு. அங்கே விதி ரொம்பக் கண்டிப்பு. யாராவது உள்ளே வந்தால் உடனே பேச்சை மாற்ற வேண்டும், தனிமையே கிடைக்கவில்லை என்றால் அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிட வேண்டும். எண் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கேட்டதால் அவளுக்கு இன்னொரு அடி விழக்கூடாது. நான் இந்த வேலையை மதிப்பதற்கு இந்த ஒரு விதி போதும்.

கருத்தையும் கேட்கிறார்கள். சொல்லாமல் வெளியே போனால், எதிர்த்துப் பேசினால், சமையல் சரியில்லை என்றால், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால், இப்படி ஏழு காரணங்களைச் சொல்லி, கணவன் அடிப்பது சரியா என்று ஆண்களிடமும் பெண்களிடமும் கேட்பார்கள். நாடு முழுக்க, 2015-16இல் ஒரு காரணத்துக்காவது சரி என்ற பெண்கள் 52 சதவீதம், அடுத்த சுற்றில் 45. ஆண்கள் 42இலிருந்து 44 ஆகியிருக்கிறார்கள். பெண்கள் மாறத் தொடங்கிவிட்டார்கள், ஆண்கள் அங்கேயே நிற்கிறார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பையன்களிடம் பேசாமல் பெண்களுக்கு மட்டும் விழிப்புணர்வுக் கூட்டம் போடுவதால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?

இன்னொரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் தேசிய புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. நேற்று காலை 4 மணியிலிருந்து இன்று காலை 4 மணி வரை, அரை மணி அரை மணியாக என்ன செய்தீர்கள் என்று கேட்பது. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றால் "சும்மா வீட்லதான் இருக்கேன்" என்கிற பெண்களின் நாள், வாசல் தெளிப்பதிலிருந்து பாத்திரம் கவிழ்ப்பது வரை அங்கே வரிசையாக ஏறியது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்வதாகச் சொன்ன ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான், அவர்களும் 97 நிமிடம். அவள் சார்பாக வீட்டுக்காரர் பதில் சொல்லியிருந்தால் இந்த 299 வந்திருக்குமா?

அதனால், உங்கள் வீடு தேர்வானால் வந்தவரின் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் தாராளமாகக் கேளுங்கள். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கவும், பேட்டியையே மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு மணி நேரத்தைத் தாண்டும், அதற்குத் தயாராக உட்காருங்கள். வந்த பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், கழிப்பறை கேட்டால் மறுக்காதீர்கள். ஒப்பந்த வேலையில் வெயிலில் அலைகிற பெண்கள் அவர்கள். உங்கள் மனைவியிடமோ மருமகளிடமோ பேச வேண்டும் என்றால் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய்விடுங்கள்.

ஆய்வு முடிந்து அறிக்கை வரும்போது மாவட்ட வாரியான எண்களும் இணையத்தில் வரும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சில பக்கங்கள்தான். தமிழ்நாட்டில் சிசேரியன் பிரசவம் 34 சதவீதத்திலிருந்து 45 ஆனதுகூட அப்படித்தான் வெளியே தெரிந்தது. உங்கள் மாவட்டத்துத் தாளைப் படி எடுத்து ஆகஸ்ட் 15 கிராம சபைக்குக் கொண்டு போங்கள். நம் பெண்களுக்கு ரத்தம் ஏன் இவ்வளவு குறைவு, இரும்புச்சத்து மாத்திரை யார் யாருக்குக் கிடைக்கிறது என்று கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

வணக்கம்.