முதலில் சொல்ல வேண்டியது

நேயர்களுக்கு வணக்கம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நள்ளிரவில் என் தந்தைக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸ் கேட்டுத் தொலைபேசியில் பேசினேன். "நேற்று சாயங்காலமே அப்பா சோர்வாக இருந்தார், இரவு சரியாகச் சாப்பிடவில்லை, நான்தான் படுக்கச் சொன்னேன், போன மாதமும் ஒருமுறை இப்படித்தான்..." என்று சொல்லிக்கொண்டே போனேன். மறுமுனையில் இருந்த பெண்மணி குறுக்கிட்டார். "வீடு எங்கே?" சொன்னேன். "நினைவோடு இருக்கிறாரா?" இருக்கிறார். "பேச முடிகிறதா?" ஒரு சொல், இரண்டு சொல்தான் வருகிறது. "சரி, வண்டியை அனுப்புகிறேன்."

அவர் கேட்டது மூன்றே கேள்விகள். நான் அதுவரை பேசியதில் அந்த மூன்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. இத்தனைக்கும் நான் சொன்னதெல்லாம் உண்மை. நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன், அவ்வளவுதான். அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த வரிசை பல நாள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

கடலில் ஆபத்தில் சிக்கிய கப்பல் வானொலியில் உதவி கேட்கும் முறையைப் பிறகுதான் படித்தேன். முதலில் 'மேடே' என்று மூன்று முறை. 'எனக்கு உதவுங்கள்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலியிலிருந்து 1920களில் உருவாக்கிய சொல் அது. 1927இல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்டன. பிறகு கப்பலின் பெயர், அதுவும் மூன்று முறை. அடுத்து, இருக்கும் இடம். அதற்குப் பின்னர்தான் என்ன ஆபத்து, என்ன உதவி தேவை, கப்பலில் எத்தனை பேர் என்பதெல்லாம். இடத்தை ஏன் முன்னால் வைத்தார்கள்? பாதியில் தொடர்பு அறுந்துபோனாலும் எங்கே வர வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். சொற்களை எண்ணி எண்ணிக் குறைப்பவர் அந்த மூன்று முறையை ஒரு முறையாக்கிவிடுவார். அலை இரைச்சலில் பெயர் காதில் விழாமலே போய்விடும். ஆகவே சுருக்கத்தைச் சொற்களின் எண்ணிக்கையால் அளக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்பவருக்கு முதலில் தேவைப்படுவது முதலில் வந்துவிட்டதா? அதுதான் அளவு. மறுபடியும் சொல்கிறேன், புத்தகம் என்றால் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வீர்கள், வானொலியில் அது முடியாது: கேட்பவருக்கு முதலில் தேவைப்படுவது, முதலில்.

இப்போதெல்லாம் முக்கியமான எதையும் பேசுவதற்கு முன் என்னையே கேட்டுக்கொள்கிறேன்: முதல் வாக்கியத்தோடு இவர் எழுந்து போய்விட்டால் எதைத் தெரிந்துகொண்டு போவார்? "உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும்" என்பதோடு போனால், ஒன்றையும் தெரிந்துகொள்ளாமல்தான் போவார். "நாளைக்கு என்னால் வர முடியாது" என்றால் போதும். காரணத்தை வேண்டுமானால் அவரே கேட்பார்.

கடிதங்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டது, ஒன்றே ஒன்று சொல்கிறேன். எழுதி முடித்ததும் முதல் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். துக்கம் விசாரித்து எழுதும் கடிதத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அங்கே நாம் தயங்கித் தயங்கி எழுதியதும் அவர்களுக்கு வேண்டும்.

வணக்கம்.